தள்ளுவண்டியோடு விமான நிலையத்தில்

கைக்குழந்தையோடு பயணம் செய்யும் நம்மில் பலர், தள்ளுவண்டியைப் பெட்டிகளோடு முதலிலேயே ஒப்படைத்துவிட்டுக் குழந்தையைச் சுமந்து திண்டாடுகிறோம். பெரும்பாலான விமான நிறுவனங்கள் தள்ளுவண்டியைக் கட்டணமின்றி ஏற்பதோடு, விமானம் ஏறும் வாயில்வரை உருட்டிச் செல்லவும் இசைகின்றன. பெட்டிகளை ஒப்படைக்கும் முகப்பில் அதற்குரிய அடையாளச் சீட்டைக் கேட்டுப் பெற்று, வண்டியில் கட்டிக்கொள்ள வேண்டும்.

பாதுகாப்புச் சோதனையின்போது குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு, வண்டியை மடக்கி எக்ஸ்ரே கருவிக்குள் அனுப்ப வேண்டியிருக்கும். ஆகவே, அதன் அடிக்கூடையில் பொருள்களை நிரப்பாதிருத்தல் நலம்.

இறங்கியபின் வண்டி எங்கே கிடைக்கும் என்பதையும் முகப்பிலேயே கேட்டறிவோம். விமானக் கதவருகே கிடைத்தால் கவலையில்லை. பெட்டிகள் வரும் சுழற்பட்டையில்தான் கிடைக்குமெனில், அதுவரை குழந்தையைத் தூக்கிக்கொண்டே நடக்க வேண்டும். தில்லி விமான நிலையத்தின் 3ஆம் முனையம் போன்ற பெரிய இடங்களில் அந்நடை நீளமானது. குழந்தையை மார்போடு அணைத்துக் கட்டும் துணிப்பை அப்போது கைகொடுக்கும்.

பயணச் செலவைத் திட்டமிடுகையில் குழந்தையின் பிறந்தநாளையும் கணக்கில் கொள்வோம். 2 வயது நிறையாத குழந்தை, குறைந்த கட்டணத்தில் பெற்றோர் மடியில் அமர்ந்து செல்லலாம். திரும்பும் நாளுக்குள் 2 வயது நிறைந்துவிட்டால், அப்பயணத்திற்குத் தனி இருக்கை வாங்க வேண்டும். வயதுச் சான்றைக் கையிலேயே வைத்திருப்போம். வெளிநாடு செல்வதெனில், பச்சிளங்குழந்தைக்கும் தனிக் கடவுச்சீட்டு தேவை. அதற்குப் பயணச்சீட்டு வாங்குமுன்பே விண்ணப்பிப்பது நன்று.