தார்ப்பாய்க்கு மெழுகு பூசப் போறீங்களா? முதல்ல பெட்ரோல் கேனைத் தள்ளி வைங்க!

ஐப்பசி அடைமழைக்கு முன்னாடி லாரி ஷெட், பந்தல் கடை, மார்க்கெட் குடோன் என்று எங்கே போனாலும் இந்த வேலை நடக்கும். மூலையில் சுருட்டிக் கிடந்த கேன்வாஸ் படுதாவை உதறி விரிப்பார்கள். வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் ஊசி ஊசியாக வெளிச்சம் தெரியும். "புதுசு வாங்க இப்போ காசு இல்ல. மெழுகுவத்தியை உருக்கி பெட்ரோல்ல கலந்து அடிச்சா சரியாயிடும்" என்று யாராவது ஐடியா கொடுப்பார்கள். கடைசியில் அந்த வேலை, கடையில் புதிதாகச் சேர்ந்தவர் தலையில் வந்து விழும்.

அந்தப் புதியவர் நீங்கள் என்றால், பிரஷ்ஷை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பழைய கேன்வாஸைக் காப்பாற்ற முடியும். அதற்கு பெட்ரோல் தேவையே இல்லை.

கேன்வாஸ் ஏன் ஒழுகுது?

'தார்ப்பாய்' என்ற சொல்லில் இருக்கும் 'தார்' நிஜமான தார்தான். அந்தக் காலத்தில் கப்பல்காரர்கள் முரட்டுத் துணியில் தார் பூசித்தான் சரக்கை மூடினார்கள். இன்றைய காட்டன் கேன்வாஸ் தாரை நம்பி இல்லை. பருத்தி நூல் தண்ணீரைக் குடித்து உப்பும். நெருக்கமாக நெய்த துணியில் நூல் உப்பினால் இடைவெளி தானாக அடைபடும். அதாவது பாதி வேலையைத் துணியே பார்த்துக்கொள்கிறது. மீதிப் பாதிக்குத்தான் மெழுகோ வேறு பூச்சோ தேவை. வெயில், உராய்வு, சோப்புத்தூள் எல்லாம் சேர்ந்து வருஷக்கணக்கில் அந்தப் பூச்சைத்தான் கழற்றிவிடுகின்றன.

ஒரு விஷயம். நீலக் கலர் பிளாஸ்டிக் தார்ப்பாய்க்கும், ரெக்சின் மாதிரி வழவழவென்று இருக்கும் பி.வி.சி. ஷீட்டுக்கும் இந்தக் கட்டுரை பொருந்தாது. அவற்றில் மெழுகு ஊறாது. கிழிந்த இடத்தில் ஒட்டுப் போடுவதுதான் ஒரே வழி.

பெட்ரோல் கலவையில் என்ன பிரச்னை?

ஒரு திரவத்தின் ஆவி, சின்னப் பொறி பட்டாலே தீப்பிடிக்கும் அளவுக்குக் கிளம்ப ஒரு வெப்பநிலை உண்டு. பெட்ரோலுக்கு அது பூஜ்ஜியத்துக்குக் கீழே சுமார் 40 டிகிரி. நம்ம ஊரில் எந்த நாளிலும், எந்த நேரத்திலும் அது ரெடி. "அப்போ மண்ணெண்ணெய் ஓகேவா? டர்பன்டைன்?" என்று கேட்கலாம். அவற்றுக்கு 35 டிகிரியை ஒட்டித்தான். சென்னை வெயிலில் தகர ஷெட்டுக்குள் அந்தச் சூடு சர்வ சாதாரணம். இந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து பத்தடி தள்ளி இருக்கும் வெல்டிங் பொறி வரைக்கும் போகும். நீங்கள் அடுப்பை அணைத்திருந்தாலும் பக்கத்துப் பட்டறைக்காரர் அணைத்திருக்க மாட்டார்.

சரி, அடித்து முடித்துக் காய்ந்துவிட்டது. இனி பயமில்லையா? இருக்கிறது. பெட்ரோல் பறந்துபோனாலும் மெழுகு துணியில் அப்படியே இருக்கும். மெழுகும் எரிபொருள்தான்.

இதற்கு உலகம் கொடுத்த விலை பெரியது. 1944 ஜூலை 6. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் ரிங்லிங் பிரதர்ஸ் சர்க்கஸின் பகல் காட்சி. அந்த ராட்சதக் கூடாரத்தின் மேல்துணிக்கு, மழைநீர் இறங்காமல் இருக்க, பாரஃபின் மெழுகைப் பெட்ரோலில் கரைத்துப் பூசியிருந்தார்கள். சுமார் 800 கிலோ மெழுகு, 22,000 லிட்டருக்கு மேல் பெட்ரோல். முதல் தீ எப்படிப் பிடித்தது என்பதில் இன்றுவரை முடிவில்லை. ஆனால் அது ஏன் அவ்வளவு வேகமாகப் பரவியது என்பதில் சந்தேகமே இல்லை. சுமார் பத்தே நிமிடத்தில் கூடாரம் எரிந்து விழுந்தது. எரியும் மெழுகு கூட்டத்தின் மேல் சொட்டியது. 160-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் குழந்தைகள்.

அன்றைக்கு அங்கே பூசியதும் இன்றைக்கு ஷெட்டில் கலக்கச் சொல்வதும் ஒரே சரக்குதான்.

முதலில் துணியைப் பாருங்கள்

ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுங்கள். பேப்பர் மாதிரி கிழிந்தால் அந்தத் துணி முடிந்தது. எந்தப் பூச்சும் அதைக் காப்பாற்றாது. கிழியவில்லை என்றால் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். முத்து முத்தாக நின்றால் பழைய பூச்சு இன்னும் உயிரோடு இருக்கிறது. உடனே உறிஞ்சினால் புதுப்பிக்க வேண்டிய நேரம்.

அடுத்தது சுத்தம். பூஞ்சைக் கறை இருந்தால் வெளியில் வைத்து, என்-95 மாஸ்க் போட்டு, காய்ந்த பிரஷ்ஷால் தேயுங்கள். அந்தத் தூசு நுரையீரலுக்கு நல்லதல்ல. பிறகு வெறும் தண்ணீரில் அலசுங்கள். சோப்புத்தூள் வேண்டவே வேண்டாம். அதன் மிச்சம் துணியில் தங்கி, தண்ணீரை உள்ளே அழைத்து வரும். வாஷிங் மெஷினும் வேண்டாம். முழுசாகக் காய்ந்த பிறகுதான் பூச்சு.

பாதுகாப்பான மூன்று வழிகள்

தண்ணீர் கலந்த ரெடிமேட் பூச்சு: லாரிப் படுதா, டென்ட் போன்ற பெரிய துணிகளுக்கு இதுதான் வசதி. டப்பாவில் 'வாட்டர் பேஸ்டு' என்று இருக்கிறதா, காட்டன் கேன்வாஸுக்கு ஏற்றதா என்று பாருங்கள். பிரஷ் அல்லது ரோலரால் அடித்து, டப்பாவில் சொல்லியிருக்கும் நேரம் முழுக்கக் காயவிடுங்கள். தையல் வரிசைகளுக்கு இன்னொரு கோட்டிங் கொடுங்கள். ஒழுகல் முதலில் ஊசித் துளையில்தான் தொடங்கும்.

மெழுகுக் கட்டி: பை, ஏப்ரன், டூல் சுருள் போன்ற சின்னப் பொருட்களுக்கு. பாரஃபின் இரண்டு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு. பாத்திரத்தை நேரடியாகத் தீயில் வைக்காமல், கொதிக்கும் தண்ணீருக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். மெழுகு 65 டிகிரிக்குள் உருகிவிடும். தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. அதனால் மெழுகு தீப்பிடிக்கும் சூட்டுக்கே போகாது. கேஸ் அடுப்பைவிட இண்டக்‌ஷன் நல்லது. அச்சில் ஊற்றி ஆறவைத்து, கட்டியைத் துணியில் தேய்த்து, ஹேர் டிரையரால் சூடு காட்டினால் உள்ளே ஊறிவிடும். தப்பித்தவறி மெழுகு பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள், தீ வெடித்துக் கிளம்பும். மூடியால் மூடி, அடுப்பை அணையுங்கள்.

சோப்பும் படிகாரமும்: இது பழைய வைத்தியம், செலவும் குறைவு. எட்டு லிட்டர் வெந்நீரில் அரை கிலோ துணி சோப்பைச் சீவிக் கரைத்து, துணியை ஊறவைத்து, பாதி காயவிடுங்கள். பிறகு நாலு லிட்டர் தண்ணீரில் கால் கிலோ படிகாரம் கரைத்து அதில் முக்குங்கள். இரண்டும் சேர்ந்து தண்ணீரில் கரையாத ஓர் அலுமினிய சோப்பாக மாறி நூலுக்குள் உட்காரும். உறையில் 'டிடர்ஜென்ட் கேக்' என்று இருந்தால் அந்த சோப்பு உதவாது. உப்பு போர்த் தண்ணீரும் வேண்டாம், சோப்பு திரிந்துவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இது நிரந்தரம் கிடையாது, சீசனுக்கு ஒரு தடவை திரும்பச் செய்ய வேண்டும்.

முக்கியமான எச்சரிக்கை: டீக்கடை, சமையல் பந்தல் என்று அடுப்புக்குப் பக்கத்தில் தொங்கும் துணிக்கு மெழுகு கூடவே கூடாது. அங்கே தீத்தடுப்புச் சான்று உள்ள துணியோ பூச்சோதான் வேண்டும்.

ஸ்ப்ரேயும் எண்ணெய்த் துணியும்

ஸ்ப்ரே கேன் ஈஸிதான். ஆனால் அந்த மெல்லிய துளிகள் நுரையீரலின் அடி வரைக்கும் போகும். மூடிய அறையில் அடித்துவிட்டுச் சில மணி நேரத்தில் இருமல், மூச்சுத்திணறல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் பல நாடுகளில் உண்டு. சாதா மாஸ்க் ரசாயன ஆவியைத் தடுக்காது. பிரஷ்ஷால் பூசும் வகை கிடைக்கும்போது ஸ்ப்ரே எதற்கு? அடித்தே ஆக வேண்டும் என்றால் திறந்த வெளியில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நில்லுங்கள்.

சிலர் லின்சீட் ஆயில் பூசுவார்கள். அது காயும்போதே சூட்டை வெளிவிடும். அந்த எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குவித்தால், தீக்குச்சியே இல்லாமல் தானாகப் பற்றும். 1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் 38 மாடிக் கட்டடம் ஒன்று எரிந்தது. தொடக்கம், இப்படி விட்டுப்போன துணிகள்தான். மூன்று தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள். துடைத்த துணியைத் தனித்தனியாக விரித்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் நிரம்பிய தகர டப்பாவில் போட்டு மூடுங்கள்.

வேலை இடத்தில் இதை மறக்காதீங்க

லாரி மேலே ஏறி நின்று பூசாதீர்கள். படுதாவைக் கீழே இறக்கி, தரையில் விரித்து வேலை பாருங்கள். ஈரமான கேன்வாஸ் வழுக்கும், பயங்கரக் கனமும்கூட. தூக்க இரண்டு பேர் வேண்டும். பக்கத்தில் வெல்டிங், பீடி, சிகரெட் எதுவும் இருக்கக் கூடாது. தீயணைப்பான் எங்கே இருக்கிறது என்று முதலிலேயே பார்த்து வையுங்கள். பாட்டிலில் பெயர் இல்லாத திரவத்தைத் தொடாதீர்கள்.

"எத்தனை வருஷமா செய்யறோம், ஒண்ணும் ஆகல" என்று மேஸ்திரி சொல்லலாம். அவரிடம் வாதாட வேண்டாம். "அண்ணே, சோப்பும் படிகாரமும் போட்டு ஒரு சின்னத் துண்டுல பண்ணிக் காட்டட்டுமா? பெட்ரோல் காசும் மிச்சம்" என்று கேட்டுப் பாருங்கள். காய்ந்த துண்டை ஒரு பக்கெட் மேல் கட்டி ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றுங்கள். பத்து நிமிஷம் கழித்துப் பக்கெட்டின் அடி காய்ந்திருந்தால், மேஸ்திரியே அடுத்த படுதாவை எடுத்துக் கொடுப்பார்.