கையொப்பம் மட்டும் போதுமா?

சத்திரசிகிச்சைக்கு முன் நோயாளியிடம் கையொப்பம் வாங்கிவிட்டால் வைத்தியரின் பொறுப்பு முடிந்துவிடுமா? இல்லை. என்ன செய்யப்போகிறார், ஆபத்து என்ன, வேறு வழியுண்டா என்பவற்றை நோயாளிக்கு விளங்கும் மொழியில் சொல்வது அவரது கடமை. சிங்களம் தெரியாத தாயொருத்தி தலையாட்டுவது சம்மதமாகாது.

கவலையீனத்தால் பாதிப்பு நேர்ந்தால் நட்டஈடு கோரலாம். ஆனால் வைத்தியரின் தவறை மட்டும் காட்டினால் போதாது. அத்தவறினாலேயே பாதிப்பு வந்தது என்பதையும் நிரூபிக்கவேண்டும். ஒரு சிறுமியின் மரணம் தொடர்பான வழக்கில் 2001இல் எமது உயர் நீதிமன்றம் இதனையே வலியுறுத்தியது. வழக்கை 2 ஆண்டுகளுக்குள் தொடரவேண்டும். வைத்தியரின் நடத்தை பற்றிய முறைப்பாட்டை இலங்கை மருத்துவ சபைக்கு அனுப்பலாம்.

ஆகவே கிளினிக் கொப்பியையும் மருந்துத் துண்டுகளையும் பத்திரப்படுத்துவோம். விளங்காததைக் கையொப்பமிடுமுன் கேட்போம். கேட்பது அவமரியாதை அல்ல. அது நமது உரிமை.