வளரச் சொல்லும் குரல், போதும் என்னும் குரல்

அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டுக்கு மார்பகக் கட்டியோடு வரும் பெண்ணின் பயாப்ஸி ரிப்போர்ட்டில் ஈ.ஆர்., பி.ஆர். என்று இரண்டு சுருக்கெழுத்துகள் இருக்கும். எந்தச் சிகிச்சை பலிக்கும் என்பதை முடிவு செய்வதில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. மார்பகத்துக்கான அந்தப் பரிசோதனையின் வேர் கருப்பையில் இருக்கிறது.

1950களின் இறுதியில் சிகாகோவில் எல்வுட் ஜென்சன் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனில் கதிரியக்க ஹைட்ரஜனைச் சேர்த்து, இளம் பெண் எலிகளுக்குச் செலுத்தினார். ரத்தத்தில் கலந்து உடலெங்கும் போன ஹார்மோனைத் தசை தங்கவிடவில்லை. கருப்பையோ விடாமல் பிடித்து வைத்துக்கொண்டது. அங்கே அதைப் பற்றிக்கொள்ளும் புரதம் ஒன்று இருந்தது. அதுதான் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, ரிப்போர்ட்டில் வரும் ஈ.ஆர்.

ஹார்மோன் வந்து சேர்ந்ததும் ஏற்பி டி.என்.ஏ.வில் தனக்குரிய இடங்களைத் தேடி அமர்கிறது. அதற்குக் கட்டுப்பட்ட மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. கருப்பையின் உட்சுவரில் இது மாதாமாதம் நடக்கும் வேளாண்மை. மாதவிடாய் முடிந்ததும் ஓரிரு மில்லிமீட்டராக இருக்கும் சுவர், ஈஸ்ட்ரோஜனின் உரத்தில் தழைத்து, பத்து மில்லிமீட்டர் அளவுக்கு உயர்கிறது. சினைமுட்டை வெளிவந்தபின் புரோஜெஸ்டிரோன் சுரக்கிறது. தழைத்தது போதும், இனிப் பால் பிடி என்கிறது அது. சுவரின் சுரப்பிகள் வரப்போகும் கருவுக்கு ஊட்டம் சுரக்கத் தொடங்குகின்றன. கரு வராவிட்டால் பயிர் உதிர்ந்து, நிலம் மறுபடி தயாராகிறது.

இதில் என்னை வியக்கவைக்கும் இடம் ஒன்று உண்டு. ஈஸ்ட்ரோஜன் எழுப்பும் மரபணுக்களுள் ஒன்று புரோஜெஸ்டிரோன் ஏற்பிக்கான மரபணு. ரிப்போர்ட்டின் இரண்டாம் சுருக்கெழுத்தான பி.ஆர். இதுதான். வளரச் சொல்லும் ஹார்மோனே, பின்னால் வந்து 'போதும்' எனப்போகும் ஹார்மோனைக் கேட்பதற்கான காதையும் வளர்த்து வைக்கிறது!

அந்தப் 'போதும்' எப்படிச் செயலாகிறது? அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் இந்திராணி பாக்சி, மிலன் பாக்சி குழுவினர் 2011இல் எலிகளில் ஒரு வழியைக் காட்டினர். புரோஜெஸ்டிரோன், சுவரின் அடித்திசுவில் ஹேண்ட்-2 என்ற மரபணுவை எழுப்புகிறது. அது, மேலடுக்குச் செல்களைப் பெருகத் தூண்டும் வளர்ச்சிக் காரணிகளை அடக்குகிறது. இரண்டே ஆண்டுகளில், 2013இல், வேறொரு குழு மனிதக் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயை ஆராய்ந்தபோது, பல கட்டிகளில் இதே மரபணு ரசாயன முத்திரையிடப்பட்டு ஊமையாகிக் கிடந்தது.

பிரேக் இல்லாத வளர்ச்சி இன்னும் பல வழிகளில் நேர்கிறது. பி.சி.ஓ.எஸ். என்னும் ஹார்மோன் கோளாறு உள்ள பெண்களுக்கு முட்டை வெளிவராத மாதங்களில் புரோஜெஸ்டிரோன் சுரப்பதில்லை. மாதவிடாய் நின்றபின் சினைப்பை ஓய்ந்தாலும், உடற்கொழுப்பு தொடர்ந்து ஈஸ்ட்ரோஜனைத் தயாரிக்கிறது. உடற்பருமன் இந்தப் புற்றுநோய்க்கு முக்கியக் காரணமாவது அதனால்தான். அமெரிக்காவில் மெனோபாஸ் தொல்லைக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரையை மட்டும் தனியாகத் தந்த காலத்தில் கருப்பைப் புற்றுநோய் கூடியது 1975இல் வெளிப்பட்டது. புரோஜெஸ்டிரோன் வகை மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது ஆபத்து தணிந்தது.

மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டாமோக்ஸிஃபென் மாத்திரைக்கு இரண்டு முகங்கள். மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை அடைத்து நிற்கும் அதே மருந்து, கருப்பை உட்சுவரில் ஓரளவு ஈஸ்ட்ரோஜனைப் போலவே நடந்துகொள்கிறது. ஏற்பியின் துணைப் புரதங்கள் ஒவ்வொரு திசுவிலும் வேறுபடுவதே காரணம். இதைக் கேட்டு மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. பெரும்பாலோருக்கு அதன் நன்மையே மிகுதி. ரத்தக்கசிவு கண்டால் டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

சொல்வதுதான் நம் வீடுகளில் கடினமாக இருக்கிறது. மயிலாப்பூரிலும் தி.நகரிலும் படித்த குடும்பங்களில்கூட, விலக்கு நின்று பல வருஷமான பெண், திரும்பவும் ரத்தம் பட்டதை மகளிடம்கூட மறைத்துவிடுகிறாள். மாதவிடாய் நின்றபின் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் வந்த பெண்களில் சுமார் 90 சதவீதம் பேருக்கு அதுதான் முன்னறிகுறி. அப்படி ரத்தம் படும் நூறு பேரில் ஏறக்குறைய ஒன்பது பேருக்கே புற்றுநோய் இருக்கும். யார் அந்த ஒன்பது பேர் என்பதை ஸ்கேனும் சிறு திசுப் பரிசோதனையும் சொல்லிவிடும். நோய் கருப்பைக்குள் அடங்கியிருக்கும்போதே பிடித்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அந்தத் துயரைச் சுமந்து 1954இல் அடையாறில் 12 படுக்கைகளோடு திறந்ததுதான் அந்தக் கேன்சர் இன்ஸ்டிடியூட். இன்று அங்கே போக 'ஒருநாள் பட்டது, நின்றுவிட்டது' என்று அம்மா தயங்கிச் சொல்லும் ஒரு வாக்கியம் போதும். அதைக் கேட்கிற காது வீட்டில் இருக்க வேண்டும்.