தரப்படுத்தல்: ஒரு சொல்லினுள் இரு அளவுகோல்கள்

பல்கலைக்கழக அனுமதியில் நீதி யாது என்னும் வினா யாழ்ப்பாணத்தவர்க்கு வெறும் ஏட்டுப் பிரச்சினையன்று. எழுபதுகளில் உயர்தரப் பரீட்சை எழுதிய ஒரு தலைமுறையின் வாழ்க்கையையே அது திசைதிருப்பிற்று. அவ்வனுபவம் முழுவதையும் ‘தரப்படுத்தல்’ என்னும் ஒரே சொல்லாற் குறிப்பது நம்மிடையே வழக்கம். ஆயின், அச்சொல்லினுள் வேறுபட்ட இரு நடைமுறைகள் அடங்கியுள்ளன. அவற்றைப் பிரித்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலாவது, மொழிவாரி நடைமுறை. 1971ஆம் ஆண்டு அனுமதியில், மருத்துவத் துறைக்குத் தமிழ்மொழி மூலம் தோற்றியோர் 400க்கு 250 புள்ளிகள் பெறவேண்டியிருக்க, சிங்களமொழி மூலம் தோற்றியோர்க்கு 229 போதுமாயிற்று. பேராதனைப் பொறியியற் பீடத்துக்கு இவை முறையே 250, 227 ஆகும். 1973இல் இவ்வேறுபாடு புள்ளிவிபரவியல் வடிவம் பெற்றது. ஒவ்வொரு மொழிமூலத்திலும் தோற்றியோர் தொகைக்கு இசைய அனுமதி அமையுமாறு புள்ளிகள் சீராக்கப்பட்டன.

இரண்டாவது, மாவட்டப் பங்கீடு. 1974இல் புகுத்தப்பட்ட இம்முறை, மாவட்டச் சனத்தொகையின் விகிதப்படி இடங்களைப் பகிர்ந்தது. இவ்விரண்டினதும் கூட்டு விளைவாக, விஞ்ஞானத்துறை அனுமதியில் 1970இல் ஏறத்தாழ 35 வீதமாயிருந்த தமிழ் மாணவர் பங்கு 1975இல் 19 வீதமாகச் சுருங்கிற்று.

இவ்வீழ்ச்சியைக் கண்டு இரண்டையும் ஒருசேர நிராகரித்தல் எளிது. ஆனால் அவற்றின் அடிப்படை ஒன்றன்று. மொழி ஒருவனது கல்வி வசதியின் அளவுகோல் ஆகாது. கொழும்பின் வசதிமிக்க கல்லூரியிற் பயின்ற சிங்கள மாணவனுக்கு அது சலுகையளித்தது; ஆய்வுகூடமற்ற வன்னிப் பாடசாலையிற் பயின்ற தமிழ் மாணவனையும், தமிழ்மூலம் கற்ற முஸ்லிம் மாணவனையும் அது தண்டித்தது. அஃது அப்பட்டமான பாரபட்சம். மாவட்டப் பங்கீடோ, குறைபாடுகளுடனேனும், பாடசாலை வசதியின் ஏற்றத்தாழ்வைக் கருத்திற் கொண்டது. வன்னி, மன்னார், மட்டக்களப்பு மாணவர்க்கு அது வாயில் திறந்தது என்பதை நாம் மறைத்தல் தகாது.

யாழ்ப்பாணத்தின் கல்விச் சிறப்பு இயற்கை தந்த வரமன்று. 1816இல் வந்த அமெரிக்க மிசனரிமாரின் பாடசாலைகளும், அவற்றுக்கு எதிர்வினையாக எழுந்த சைவப் பாடசாலைகளும், வரண்ட நிலத்தில் உத்தியோகத்தையே பிழைப்பாக நம்பிய சமூகத்தின் தேவையும் அதனை உருவாக்கின. அச்சிறப்பும் எல்லார்க்கும் கிட்டியதன்று. 1930ஐ அண்டிய ஆண்டுகளில், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குச் சம ஆசனம் வழங்கப்பட்டமையால் இங்கே பாடசாலைகள் தீக்கிரையாகின. வெளியே நீதி கேட்கும் சமூகம் தன்னுள்ளும் அதே அளவுகோலை வைத்துப் பார்த்தல் வேண்டும்.

1977இன் ஆட்சிமாற்றத்தின் பின்னர் மொழிவாரித் தரப்படுத்தல் கைவிடப்பட்டது. மாவட்ட அடிப்படை நிலைத்தது. கலைத்துறை நீங்கலான பெரும்பாலான துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைப்படியும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படியும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்குமாக இடங்கள் பகிரப்படலாயின. அப்பதினாறினுள் யாழ்ப்பாணமும் ஒன்று. 1974இல் முன்னேறிய மாவட்டம் என்பதால் இடமிழந்த யாழ்ப்பாணம், யுத்தத்தின் பின் பின்தங்கிய மாவட்டமெனப் பங்கு பெறுகின்றது. முன்னேற்றமும் பின்தங்கலும் வரலாற்றின் விளைவுகளே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இங்கே வாயில் அடைபட்டோரிற் பலர் கடல் கடந்தனர். ஆங்கும் வேறோர் அளவுகோல் காத்திருந்தது. 1980இலிருந்து பிரித்தானியா வெளிநாட்டு மாணவரிடம் கல்விச் செலவு முழுவதையும் கட்டணமாக அறவிடத் தொடங்கிற்று. தாய்நாட்டில் மொழி தடுத்தது. அந்நிய நாட்டிற் பணம் தடுத்தது. காணியை ஈடுவைக்க வல்ல குடும்பத்துப் பிள்ளை சென்றது. கூலிக் குடும்பத்துப் பிள்ளை நின்றது.

ஆகவே, எந்த அனுமதி முறையையும் மதிப்பிடுகையில் ஒரு வினா முதன்மையானது: மாணவன் உண்மையில் எதிர்கொண்ட தடையை அது அளக்கின்றதா, அன்றி அவனது பிறப்பை அளக்கின்றதா? மாவட்டப் பங்கீடு இவ்வினாவுக்கு அரைகுறை விடையே தருகின்றது. நல்லூர்ப் பகுதியின் பெருங்கல்லூரி மாணவனும் நெடுந்தீவுப் பாடசாலை மாணவனும் அதன் கண்ணுக்கு ஒருவரே. இடப்பெயர்வினாற் சனத்தொகை குறைந்தால் மாவட்டத்தின் பங்கும் குறைகின்றது. மாவட்டத்தினின்று பாடசாலைக்கும், பாடசாலையினின்று குடும்ப நிலைக்கும் அளவுகோல் இறங்கி வருதல் வேண்டும். தரப்படுத்தலால் துன்புற்ற சமூகமே இக்கோரிக்கையை முன்வைக்க உரித்துடையது, கடமையும் உடையது.