கணக்கு உதைத்த புரோட்டான்!

காரைக்குடிக்குப் பக்கத்தில் கண்டரமாணிக்கம் என்று ஓர் ஊர் இருக்கிறது. செட்டிநாட்டு ஊர்களில் அதுவும் ஒன்று. செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்திருக்கிறீர்களா, குட்டி நண்பர்களே? முகப்பு ஒரு தெருவில் இருக்கும். பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும்! நடுவில் வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று வீடு நீண்டுகொண்டே போகும். பல வீடுகள் ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும். கல்யாணம், படைப்பு என்றால்தான் கதவு திறக்கும்.

இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்து போய்த் தொழில் செய்தவர்கள். கணக்கு எழுதுவதில் கெட்டிக்காரர்கள். கடையில் 'பெட்டியடிப் பையன்' என்று ஒரு சிறுவன் வேலைக்குச் சேருவான். அவன் முதலில் கற்றுக்கொள்ளும் பாடங்களில் கணக்கும் ஒன்று. எல்லா வரவு செலவையும் தொகுத்து முடிவில் எழுதும் கணக்குக்கு 'ஐந்தொகை' என்று பெயர். இரண்டு பக்கமும் சரியாக வரவேண்டும். ஒரு காலணா வித்தியாசம் வந்தாலும் "கணக்கு உதைக்கிறது" என்று சொல்லி, மறுபடியும் முதலிலிருந்து பார்ப்பார்கள்.

உலகத்து விஞ்ஞானிகளுக்கும் இப்படி ஒரு கணக்கு உதைத்தது. ஏறத்தாழ 40 ஆண்டுகளாகியும் அது முழுசாக நேராகவில்லை. அந்தக் கணக்கு இருக்கும் பூட்டிய வீட்டின் பெயர் புரோட்டான்!

கண்மாயும் புளியங்கொட்டையும்

எல்லாப் பொருள்களும் அணுக்களால் ஆனவை என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அணுவின் நடுவே இருப்பது அணுக்கரு. அதற்குள் புரோட்டான், நியூட்ரான் என்ற துகள்கள் இருக்கின்றன. ஹைட்ரஜன் அணுவில் மட்டும் அணுக்கரு என்பது பெரும்பாலும் ஒரே ஒரு புரோட்டான்தான்.

அது எவ்வளவு சிறியது? ஒரு ஹைட்ரஜன் அணுவை 600 மீட்டர் அகலமுள்ள கண்மாய் அளவுக்குப் பெரிதாக்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் நடுவில் இருக்கும் புரோட்டான் ஒரு புளியங்கொட்டை அளவுக்குத்தான் இருக்கும்!

இவ்வளவு சிறிய பொருளுக்குள் ஏதாவது இருக்குமா? இருக்கும் என்று 1964-ஆம் ஆண்டு அமெரிக்காவைச் சேர்ந்த மர்ரே கெல்-மான் சொன்னார். அதே ஆண்டில் ஜார்ஜ் ஸ்வைக் என்பவரும் தனியாக அதே முடிவுக்கு வந்தார். புரோட்டானுக்குள் மூன்று சிறு துகள்கள் இருக்கின்றன என்றார்கள். கெல்-மான் அவற்றுக்கு 'குவார்க்' என்று பெயர் வைத்தார். இரண்டு 'அப்' குவார்க், ஒரு 'டௌன்' குவார்க், ஆக மூன்று.

இதில் நம் நாட்டுக்கும் ஒரு சின்னத் தொடர்பு உண்டு. 1961-ஆம் ஆண்டு பெங்களூரில் நடந்த கோடைப் பள்ளி ஒன்றில் கெல்-மான் பாடம் நடத்தினார். துகள்கள் எப்படிக் கூட்டம் கூட்டமாக அமைகின்றன என்று விளக்கினார். "மூன்று பேர் கொண்ட கூட்டத்தை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்?" என்ற பொருளில் டாலிட்ஸ் என்ற விஞ்ஞானி திரும்பத் திரும்பக் கேட்டாராம். கெல்-மான் நழுவிவிட்டாராம்! அன்றைக்கே பதில் சொல்லியிருந்தால் குவார்க் பெங்களூரிலேயே பிறந்திருக்கும் என்ற கருத்தில் ஜி. ராஜசேகரன் எழுதியிருக்கிறார். இவர் சென்னைப் பல்கலைக்கழகத்திலும், சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்திலும் பணியாற்றிய பெரிய இயற்பியல் அறிஞர். 2023-ஆம் ஆண்டு மறைந்தார்.

கதவைத் திறக்காமல் உள்ளே பார்ப்பது எப்படி?

புரோட்டானின் கதவு திறக்கவே திறக்காது. ஒரு குவார்க்கை மட்டும் தனியாக வெளியே எடுத்துக் காட்ட யாராலும் முடியாது. அப்படியானால் உள்ளே இருப்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு பஞ்சு மூட்டை இருக்கிறது. அதற்குள் யாரோ இரும்புக் குண்டுகளை ஒளித்து வைத்திருக்கிறார்கள். மூட்டையைப் பிரிக்கக் கூடாது. என்ன செய்வீர்கள்? ஒரு மெல்லிய கம்பியால் பல இடங்களில் குத்திப் பார்ப்பீர்கள். பஞ்சில் பட்டால் கம்பி நேராகப் போகும். குண்டில் பட்டால் 'டக்' என்று நின்று திரும்பும்.

விஞ்ஞானிகளும் இதைத்தான் செய்தார்கள். கம்பிக்குப் பதில் எலெக்ட்ரான்! அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் 3 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு துகள் முடுக்கி கட்டினார்கள். அதில் எலெக்ட்ரான்களை வேகமாக ஓடவிட்டு, புரோட்டான்கள் மீது மோதவிட்டார்கள். 1968-ஆம் ஆண்டு வந்த முடிவுகளில், எதிர்பார்த்ததைவிட அதிக எலெக்ட்ரான்கள் பெரிய கோணத்தில் திரும்பியிருந்தன. உள்ளே சின்னஞ்சிறு கெட்டிப் பொருள்கள் இருப்பது தெரிந்தது. அவைதான் குவார்க்குகள் என்று பிறகு உறுதியாயிற்று. இந்த ஆய்வை நடத்திய ஃபிரீட்மன், கெண்டால், டெய்லர் மூவருக்கும் 1990-ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

நிற்காத பம்பரம்

இனிக் கணக்குக்கு வருவோம். பம்பரம் விட்டிருக்கிறீர்கள் அல்லவா? சாட்டையைச் சுண்டி இழுத்தால் சுற்றும். கொஞ்ச நேரத்தில் தள்ளாடி விழுந்துவிடும். புரோட்டானுக்கும் ஒரு சுழற்சி உண்டு. அதைத் 'தற்சுழற்சி' என்கிறார்கள். ஆனால் இந்தச் சுழற்சிக்குச் சாட்டை தேவையில்லை. அது கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை, நிற்பதும் இல்லை! பம்பரம் போல நிஜமாகவே உருண்டு சுற்றுகிறது என்றும் சொல்ல முடியாது. ஆனால் சுழலும் பொருளுக்கு உள்ள குணங்கள் அதற்கு இருக்கின்றன. அதனால் ஒவ்வொரு புரோட்டானும் ஒரு குட்டிக் காந்தம் போல நடந்துகொள்கிறது.

இதனால் நமக்கு என்ன பயன்? மருத்துவமனையில் 'எம்.ஆர்.ஐ. ஸ்கேன்' எடுப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நம் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். தண்ணீரில் ஹைட்ரஜன் இருக்கிறது. ஹைட்ரஜனின் நடுவில் புரோட்டான்! ஸ்கேன் கருவியின் பெரிய காந்தம் இந்தக் குட்டிக் காந்தங்களில் சிலவற்றைத் தன் பக்கம் திருப்பி வரிசைப்படுத்தும். பிறகு ரேடியோ அலைகளால் அவற்றைக் கொஞ்சம் அசைக்கும். அவை பழைய நிலைக்குத் திரும்பும்போது வெளிவரும் குறிப்பைக் கொண்டு கணினி படம் வரைகிறது. நம் தாத்தா பாட்டியின் மூளையையும் முதுகுத்தண்டையும் கத்தி படாமல் டாக்டர் பார்ப்பது புரோட்டானின் தற்சுழற்சியால்தான்.

இவ்வளவு உதவும் இந்தச் சுழற்சி புரோட்டானுக்கு எங்கிருந்து வருகிறது? அதுதான் கேள்வி.

கணக்கு உதைத்தது!

முதலில் இது மிகச் சுலபமான கணக்காகத் தெரிந்தது. புரோட்டானின் தற்சுழற்சி அளவு 'அரை'. ஒவ்வொரு குவார்க்கின் தற்சுழற்சியும் 'அரை'. இரண்டு குவார்க்குகள் ஒரு திசையிலும், ஒன்று எதிர்த் திசையிலும் சுழன்றால்? அரை கூட்டல் அரை, கழித்தல் அரை. விடை அரை! ஐந்தொகை நேராகிவிட்டது என்று நினைத்தார்கள்.

பிரான்சும் சுவிட்சர்லாந்தும் சந்திக்கும் எல்லையில் 'செர்ன்' என்ற பெரிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே இந்தக் கணக்கைச் சரிபார்த்தார்கள். எலெக்ட்ரானைவிட ஏறத்தாழ 200 மடங்கு கனமான 'மியூவான்' என்ற துகளை, ஒரே பக்கம் திருப்பி வைத்த புரோட்டான்கள் மீது மோதவிட்டார்கள். 1988-ஆம் ஆண்டு முடிவு வெளியானது. எல்லோருக்கும் அதிர்ச்சி! குவார்க்குகளின் தற்சுழற்சியை எல்லாம் கூட்டினால், புரோட்டானின் தற்சுழற்சியில் மிகச் சிறு பங்குகூடத் தேறுமா என்பதே சந்தேகமாக இருந்தது.

"அளந்ததில் ஏதோ தப்பு" என்று சொல்லிக் கணக்கை ஒப்பேற்றியிருக்கலாம். விஞ்ஞானிகள் அப்படிச் செய்யவில்லை. பல நாடுகளில் மறுபடி மறுபடி அளந்தார்கள். குவார்க்குகளின் பங்கு ஏறத்தாழ 30 விழுக்காடு என்று தெரிந்தது. மீதி எங்கே போயிற்று?

கூட்டுக் குடும்பம்

செட்டிநாட்டு வீட்டின் முகப்பில் மூன்று பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "இந்த வீட்டில் மூன்றே பேர்தான்" என்று சொன்னால் சரியா? உள்ளே ஒவ்வொரு கட்டிலும் எத்தனை பேர் நடமாடுகிறார்களோ!

புரோட்டானும் அப்படித்தான். குவார்க்குகளைப் பசை போல ஒட்டி வைத்திருக்க 'குளுவான்' என்ற துகள்கள் இருக்கின்றன. அவற்றுக்கும் தற்சுழற்சி உண்டு. குளுவானிலிருந்து குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் ஜோடியாகத் தோன்றுகின்றன, உடனே மறைகின்றன. இவை எல்லாம் சும்மாவும் இருப்பதில்லை. உள்ளேயே வளைய வந்துகொண்டிருக்கின்றன. அந்த ஓட்டத்துக்கும் கணக்கில் ஒரு பங்கு உண்டு.

ஆகவே புரோட்டானின் ஐந்தொகையில் நான்கு தலைப்புகள்: குவார்க்கின் தற்சுழற்சி, குளுவானின் தற்சுழற்சி, குவார்க்கின் ஓட்டம், குளுவானின் ஓட்டம். நான்கையும் கூட்டினால் அரை வரவேண்டும்.

இந்தத் தலைப்புகளை எப்படி அளப்பது? நம் சென்னையில் இருந்தும் இதற்கு யோசனை சொன்னார்கள். கணித அறிவியல் நிறுவனத்தின் டி. இந்துமதி, எம்.வி.என். மூர்த்தி, வி. ரவீந்திரன் ஆகியோர் 1990-களில் இதற்கான கணக்கீடுகளைச் செய்தார்கள். மோதலில் வெளிவருவதை வைத்து, உள்ளே இருப்பவற்றின் தற்சுழற்சியை எப்படி அறியலாம் என்பதே அவர்கள் ஆராய்ந்த கேள்வி.

பாம்பு காத்த பம்பரங்கள்

அளந்து பார்க்கும் வேலையில் பெரிய பங்கு 'ரிக்' என்ற மோதுகருவிக்கு உண்டு. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் இது அமைந்தது. 2000-ஆம் ஆண்டில் தொடங்கிக் கால் நூற்றாண்டு இயங்கியது. வட்டப் பாதையின் சுற்றளவு 3.8 கிலோமீட்டர். அதில் ஒரு புரோட்டான் நொடிக்கு ஏறத்தாழ 78,000 சுற்று ஓடும்!

இவ்வளவு வேகத்தில் ஓடும்போது, வழியில் உள்ள காந்தங்கள் புரோட்டானின் சுழற்சித் திசையைக் கலைத்துவிடும். அதைத் தடுக்க முறுக்கிய வடிவில் விசேஷக் காந்தங்களை வைத்தார்கள். அவற்றின் பெயர் 'சைபீரியப் பாம்பு'! இந்த யோசனை ரஷ்யாவின் சைபீரியாவில் பிறந்தது. பாம்பைக் கடக்கும்போது புரோட்டானின் திசை தலைகீழாகும். அதனால் ஒரு சுற்றில் நேர்ந்த பிசகு அடுத்த சுற்றில் சரியாகிவிடும்.

இரண்டு புரோட்டான்கள் எதிரெதிரே வந்து மோதும். இருவர் சுழற்சியும் ஒரே பக்கம் இருக்கும்போது எத்தனை துகள்கள் சிதறுகின்றன? எதிர்ப்பக்கம் இருக்கும்போது எத்தனை? இரண்டையும் கோடிக்கணக்கான மோதல்களில் எண்ணி ஒப்பிட்டார்கள். அந்தச் சின்ன வித்தியாசம்தான் துப்பு! குளுவானின் தற்சுழற்சிக்கும் பங்கு உண்டு என்ற நல்ல சான்று 2014-ஆம் ஆண்டில் கிடைத்தது. 2019-ஆம் ஆண்டில் எதிர்க்குவார்க்குகள் பற்றி ஒரு வியப்பான செய்தி வந்தது. எண்ணிக்கையில் அதிகம் 'டௌன்' எதிர்க்குவார்க். ஆனால் தற்சுழற்சியில் அதிகப் பங்கு 'அப்' எதிர்க்குவார்க்குக்கு!

இவ்வளவு கண்டும் ஐந்தொகை இன்னும் நேராகவில்லை. உள்ளே நடக்கும் ஓட்டத்தின் பங்கு எவ்வளவு என்பது சரியாகப் பிடிபடவில்லை. அதற்காக ரிக் இருந்த இடத்திலேயே எலெக்ட்ரானையும் புரோட்டானையும் மோதவிடும் புதிய கருவியை அமைக்கிறார்கள். இதை முன்னின்று நடத்துபவர்களில் ஒருவர் மும்பையிலும் கான்பூரிலும் படித்த அபய் தேஷ்பாண்டே. சென்னை ஐ.ஐ.டி. உள்பட இந்தியக் கல்வி நிறுவனங்கள் பலவும் இதில் சேர்ந்திருக்கின்றன. 2030-களில் இது இயங்க வேண்டும் என்பது திட்டம்.

2030-களில் உங்களுக்கு என்ன வயது இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கல்லூரியிலோ ஆய்வுக்கூடத்திலோ இருப்பீர்கள். அந்தப் பெரிய ஐந்தொகைக்கும் பெட்டியடிப் பையன்களும் பெண்களும் தேவைப்படுவார்கள்.

அதுவரை ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். வீட்டுப்பாடத்தில் கணக்கு உதைத்தால், புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்து விடையை மட்டும் எழுதிவிடாதீர்கள். எங்கே உதைக்கிறது என்று தேடுங்கள். புரோட்டானுக்குள் ஒரு கூட்டுக் குடும்பமே ஓடியாடிக்கொண்டிருப்பது, உதைத்த கணக்கை ஒப்பேற்றாமல் விட்டதால்தான் தெரிந்தது!