களத்துத் தூசியும் நாசியின் காவலும்

சம்பா அறுவடையாகும் தை, மாசி மாதங்களில் களத்துமேட்டில் தும்மலும் இருமலும் கேளாத நாளில்லை. அறுவடை இயந்திரங்கள் வந்துவிட்ட போதிலும், உளுந்து அடித்தல், தூற்றுதல், வைக்கோல் கட்டுதல் முதலிய வேலைகள் தூசியின்றி நடைபெறுவதில்லை. தூசி உடம்புக்குப் பழகிவிட்டதென்று குடியானவர்கள் பலர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. இது தவறாகும். இத்தாலிய வைத்தியர் ராமத்சினி என்பார், தொழில்களால் உண்டாகும் நோய்களைக் குறித்து 1700ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலேயே, தானியம் சலிப்போரும் அளப்போரும் தூசியால் அடையும் துன்பத்தை எடுத்துரைத்துள்ளார்.

நாசியிலுள்ள மயிர்கள் பருந்தூசியைத் தடுக்கின்றன. உட்புறத்துச் சளிப்படலம் எஞ்சிய தூசியைப் பற்றிக்கொள்ள, கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிழைகள் அதனைத் தொண்டைப் பக்கம் தள்ளிவிடுகின்றன. உட்செல்லும் காற்று வெப்பமும் ஈரமும் பெறுவதும் இங்கேதான். வாயால் சுவாசிப்போர் இக்காவலை இழக்கின்றனர்.

ஆயினும், நாசியால் தடுக்க இயலாத தூசியும் உண்டு. ஈரத்துடன் போர் போட்ட வைக்கோல் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். அதனைப் பிரிக்கையில் எழும் நுண்வித்துக்கள் சுவாசப்பை வரை சென்றுவிடும். சிலருக்குச் சில மணி நேரத்திற்குள் குளிர்காய்ச்சல், வறட்டிருமல், மூச்சுத்திணறல் காணும். இதனைச் சாதாரண ஜலதோஷமென்று எண்ணி மீண்டும் மீண்டும் அவ்வேலை செய்தால், சுவாசப்பை தழும்பேறி நிரந்தரமாகக் கெடலாம்.

கைக்கொள்ளத் தக்க முறைகளாவன:

1. வைக்கோலை நன்றாக உலர்த்திய பின்னரே போர் போடுக.

2. தூற்றும்போது காற்று முதுகுப்புறமிருந்து வீசும்படி நிற்க.

3. துண்டைக் கட்டிக்கொள்வது பருந்தூசிக்கு மட்டுமே உதவும். பூஞ்சணம் பிடித்த வைக்கோலைப் பிரிப்போர், மருந்துக் கடைகளில் கிடைக்கும் என்-95 முகக்கவசத்தை மூக்கோடு இறுகப் பொருந்தும்படி அணிக.

4. வேலை முடிந்தபின் நாசியைக் கழுவ விரும்புவோர், கொதிக்கவைத்து ஆறிய கால் லிட்டர் ஜலத்தில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்துக் கொள்க. குளத்து நீரையோ வாய்க்கால் நீரையோ மூக்கில் ஏற்றலாகாது. அவற்றில் இருக்கக்கூடிய ஒருவகை அமீபா நாசி வழியே மூளையை அடைந்து உயிரைப் போக்கும். கேரளத்தில் 2024ஆம் ஆண்டில் சிறுவர் சிலர் இவ்வாறு மாண்டனர்.

5. அடைப்பு நீங்குமென்று மூக்குப்பொடி போடுவதை விட்டொழிக்க.

களத்துவேலைக்குப் பின் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் கண்டால் தாமதியாமல் வைத்தியரிடம் செல்க. எந்த வைக்கோலைப் பிரித்தபின் அவை கண்டன என்பதையும் மறவாது தெரிவிக்க வேண்டும். அதனைச் சொல்லாவிடில் நோயின் காரணம் புலப்படாமற் போகலாம்.