ஊசி போட்ட பிறகு...



ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 11ஆம் நாள், லூர்து அன்னையின் திருவிழாவன்று, நோயாளர் உலக நாளைச் சிறப்பிக்கிறோம். புனித இரண்டாம் யோவான் பவுல் 1992இல் ஏற்படுத்திய நாள் இது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பங்கு மக்கள் பலர் பெரம்பூர் லூர்து அன்னை திருத்தலத்திற்கும் சென்று நோயுற்றோருக்காகச் செபிக்கிறோம். ஆனால், நோயாளிக்குப் போட்ட ஊசி அதன்பின் எங்கே போகிறது என்று நாம் கேட்பதுண்டா?

நம் சிறுவயதில் கண்ணாடி சிரிஞ்சைக் கொதிநீரில் போட்டு எடுத்து மறுபடி பயன்படுத்துவார்கள். நோய்த்தொற்றைத் தடுக்கவே ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசி வந்தது. அது நன்மையே. ஆனால் குளுக்கோஸ் பாட்டில், டியூப், கையுறை என்று தூக்கியெறியும் பொருள்கள் பெருகிவிட்டன.

மருத்துவமனைக் கழிவில் ஏறக்குறைய 85 விழுக்காடு வீட்டுக் குப்பை போன்றதே. 15 விழுக்காடுதான் ஆபத்தானது என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். இரண்டும் கலந்துவிட்டால் எல்லாமே ஆபத்தாகிவிடும். எனவேதான் 2016ஆம் ஆண்டு விதிகள் நான்கு நிறங்களை வகுத்துள்ளன. இரத்தம் தோய்ந்த பஞ்சும் கட்டுத்துணியும் மஞ்சளில். டியூப், கையுறை சிவப்பில். ஊசி, பிளேடு துளைபடாத வெள்ளைப் பெட்டியில். கண்ணாடிக் குப்பிகள் நீலத்தில். சிவப்பில் சேர்வதை நுண்கிருமி நீக்கி மறுசுழற்சி செய்யலாம். அதையே எரித்தால் டையாக்சின் என்னும் நச்சு காற்றில் கலக்கும்.

விதி இருந்தும் மீறல் நடக்கிறது. 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டம் நடுக்கல்லூர், கோடகநல்லூர் பகுதிகளில் கேரள மருத்துவக் கழிவுகள் கொட்டப்பட்டிருந்தன. பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்ட பிறகே அவை லாரிகளில் திருப்பி எடுத்துச் செல்லப்பட்டன. நம் பகுதியிலும் ஏரிகள் உண்டு. பூந்தமல்லிக்கு அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரி சென்னைக்கே குடிநீர் தருகிறது.

பிறரைக் குறை சொல்லுமுன் நம் வீட்டைப் பார்ப்போம். நோயுற்றோருக்கு நற்கருணை கொண்டு செல்லும் வீடுகளில், இன்சுலின் ஊசி காய்கறித் தோலோடு ஒரே பையில் கிடப்பதைக் காண்கிறோம். மறுநாள் விடியலில் அந்தப் பையில் கைவிடுபவர் தூய்மைப் பணியாளர். ஊசி குத்தினால் மஞ்சள்காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் தொற்றக்கூடும். "எனக்கு அடுத்திருப்பவர் யார்?" என்ற கேள்விக்கு அவரும் ஒரு விடை அல்லவா?

நல்ல சமாரியர் காயத்தைக் கட்டியதோடு நின்றுவிடவில்லை. பின்னர் ஆகும் செலவுக்கும் பொறுப்பேற்றார். அப்பம் பலுகிய பின் ஆண்டவர் இயேசு மீந்த துண்டுகளையும் சேர்த்து வைக்கச் சொன்னார். மறைந்த திருத்தந்தை பிரான்சிசும் 2015இல் வெளியிட்ட தம் சுற்றுமடலில், தூக்கியெறியும் பழக்கத்தைக் கண்டித்தார்.

நாம் செய்யக்கூடியவை சில:

• பயன்படுத்திய ஊசியைக் கெட்டியான, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, 'ஊசி' என்று எழுதித் தனியே கொடுப்போம்.

• முதியோரின் டயப்பரைத் தாளில் சுற்றி, தனியே வைப்போம்.

• தேவைக்கு மேல் மருந்து வாங்காதிருப்போம். தேவையற்ற ஊசியைக் கேட்டு வற்புறுத்தாதிருப்போம்.

• மருத்துவமனைகளில் பணியாற்றும் நம் பங்கு மக்கள், வண்ணப் பைகளில் பிரிப்பதையும் இறைப்பணியாக எண்ணுவோம்.

அன்பியக் கூட்டங்களில் இதைப் பேசுவோம். நோயாளிக்காகச் செபிக்கும் நாம், குப்பை அள்ளும் கரங்களையும் காப்போம். இறைவன் நம்மை ஆசீர்வதிப்பாராக!